கங்கப்ப மாமன் வீட்டெதிரே கல் பெஞ்சு

சூளகிரி
3-2-1957

சௌபாக்கியவதி நாராயணம்மாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடுகன்றுகளும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாய் இருக்கும் விவரத்துக்குக் கடிதம் போடவும். நஞ்சம்மா அத்தை போன பிறகு மாமா வெளியே தலை காட்டுகிறாரா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய், அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் மாமன் கங்கப்பன் அறுவடைக்கு முன்பிருந்தே வாசற்படி தாண்டவில்லை. உன் அம்மா கொடுத்தனுப்பும் களி பாதி திரும்பி வரும், அதைப் பார்த்து இவளும் சாப்பிட மாட்டாள், அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னை இளைக்க வைத்தார்கள். போய்க் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வயசானவர்கள் கூடிப் பேச ஓர் இடம் இருந்தால் தானாக வருவார் என்று பஞ்சாயத்தில் சொல்லி, அவர் வீட்டெதிரே புங்க மரத்தடியில் கல் பெஞ்சுகள் போட வைத்தேன். திட்டமெல்லாம் என்னுடையது. முதலில் வரிசையாக ரோட்டைப் பார்த்துப் போட்டோம், எல்லோரும் போகிற பஸ்ஸைப் பார்த்தார்களே தவிர ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. வெங்கடப்பனுக்கு வலது காது கேட்காது, அவன் பிடிவாதமாக இடது கோடியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னான். அப்புறம் வட்டமாகப் போட்டோம். முகம் தெரிந்தது, முழங்கால் இடித்தது, வெற்றிலை எச்சில் துப்பத் திசையில்லாமல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உன் அம்மா வந்து பார்த்து, கிழவிகளுக்கு இடம் எங்கே என்று கேட்டு ஒரு பெஞ்சைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போகச் சொல்லிவிட்டாள். வட்டம் மாமன் ஜன்னல் பக்கம் லாடம் மாதிரி திறந்துகொண்டது. அதுவும் என் யோசனை என்றே ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். மாமன் ஜன்னலைச் சாத்திவிட்டார்.

போன செவ்வாய்க்கிழமை சானமாவுக் காட்டில் யானை நடமாட்டம் என்று பேச்சு வந்தது. அந்தக் காலத்தில் மாமன் அங்கே வண்டியை மறித்த யானையைத் தகரம் தட்டி விரட்டிய கதை நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வேண்டியதற்கு மேலேயே தெரியும். வெங்கடப்பன் அந்த யானையைத் தானே விரட்டியதாக ஆரம்பித்தான். ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது. நான் பார்த்துவிட்டேன். உடனே சத்தமாக, அது யானையே இல்லை, எருமை, கங்கப்பன் வண்டிக்கடியில் ஒளிந்துகொண்டார் என்றேன். கதவு படீரென்று திறந்தது. தோளில் துண்டுகூட இல்லாமல் மாமன் வந்து நின்று, "எருமையா அது? ஏன் மாப்ளே, எருமைக்குத் தும்பிக்கை இருக்குதா?" என்றார்.

உட்கார்ந்து சொல்லுங்கள் மச்சான் என்று நகர்ந்துகொண்டேன். விளக்கு வைக்கும் வரை சொன்னார். நடுவில், "நஞ்சியும் அன்னிக்கு வண்டியிலதான் இருந்தா, ஆனை போனப்புறம் ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு, நிறுத்தவே முடியல" என்று சொல்லி அழுதுவிட்டார். அத்தை போன அன்றுகூட அவர் அழவில்லை கண்ணு. என் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வெங்கடப்பன் மட்டும் காது கேட்காமல் ஆமாம் ஆமாம் என்றான், அதில் மாமனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் களித் தட்டு காலியாகத் திரும்பியது, உன் அம்மாவும் சாப்பிட்டாள்.

இப்போது கஷ்டம் வேறு. விடியும் முன்பே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தாமதமாக வருகிறவர்களைத் திட்டுகிறார். யானை வெள்ளிக்கிழமை இரண்டாகி நேற்று மூன்றாகிவிட்டது. நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

கடற்காற்றில் குழந்தையின் தலைக்குத் துணி கட்டு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பெருமாள் துணை. முக்கியமான விஷயம், அந்த வண்டியில் நீயும் இருந்தாய் என்பதால் மாமன் உனக்குச் சாட்சி கேட்டுக் கடிதம் போடப் போகிறார். அத்தை மடியிலிருந்து நீ பார்த்தது ஒரே யானைதான், எனக்குத் தெரியும். மூன்று என்று எழுது. அத்தை சிரித்ததையும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
சென்னகிருஷ்ணன்