நாலாவது தகடு

அரியாலை,
02.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் பனியில் வழுக்கி விழாமல் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தொலைபேசியில் கதைத்தால் நமக்குச் சண்டைதான் மிச்சம், ஆகவே எழுதுகிறேன்.

பலாலி விமானத்தளக் கொட்டிலில் என் கிழட்டு விமானத்துக்கு எல்லாப் பாகமும் பூட்டியாயிற்று, வாலுக்குக் கீழே உருளும் வால்சில்லைத் தவிர. காற்றடிக்கும் சில்லு வேண்டாம், இங்கே புல்லுக்குள் நெருஞ்சி. கட்டி இறப்பரில், காலால் மிதித்துத் திருப்பக்கூடிய ஒன்றாகப் பார்த்து வாங்கி அனுப்புங்கள். அதைத் தாங்கும் வில்லுத்தகடுகள் மூன்றா நான்கா என்பது பின் சீட்டில் ஏறுபவரின் நிறையைப் பொறுத்தது. முதலில் ஏறப்போவது நீங்கள்தான். இரண்டு பேரோடு ஓடிக் காட்டினால்தான் அதிகாரிகள் இருவர் பறக்க அனுமதி தருவார்கள். அதனால் உண்மையான நிறையை எழுதுங்கள், சரியா?

அன்புடன்,
கலா

ஸ்காபரோ,
21.03.2025

அன்பின் கலா,

மூன்று வருடமாகக் கனடாவுக்கு வா என்று கூப்பிடுகிறேன். நீ சில்லுக் கேட்கிறாய். போகட்டும், வாங்கிவிட்டேன். எந்த விமானத்துக்கு என்று கடைக்காரன் கேட்டான். என் மனைவியின் விமானத்துக்கு என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது, அதை நீ பெரிதாக எடுக்காதே.

என் நிறை எழுபது கிலோ. நாள்தோறும் நடக்கிறேன், இரவில் புட்டைத் தொடுவதே இல்லை. மூன்று தகடு போதும். ஆனியில் லீவில் வருகிறேன்.

உன்,
ரூபன்

அரியாலை,
30.06.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் திரும்பிப் போய் ஒரு கிழமையாகிறது. நான் இன்னும் கொட்டில் பக்கம் போகவில்லை.

தனியே ஓட்டியபோதெல்லாம் அசையாத சில்லு அது. நீங்கள் ஏறிய அன்றைக்கு, வேகம் எடுக்க முன்னமே வெடவெடத்து, விமானம் சுழன்று புல்லுக்குள் போய் நின்றது. சோதிக்க வந்த அதிகாரி பேனையை மூடினார். நீங்கள் மட்டும், "விடு கலா, உயிர் தப்பினதே பெரிய காரியம்" என்றீர்கள். எங்கே பிழைவிட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. என் கைவேலைதான் சரியில்லைப் போலும்.

கொழும்பில் ஒருவர் விலைக்குக் கேட்கிறார். அடுத்த மாதம் அவரிடம் கொடுத்துவிட்டு, உங்கள் ஆசைப்படி அங்கேயே வந்துவிடுகிறேன். ஆறு வருட உழைப்பு, அத்தான். தயவுசெய்து தொலைபேசி எடுக்கவேண்டாம். ஆறுதல் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கலா

ஸ்காபரோ,
12.07.2025

கலா,

விற்காதே!

எத்தனை தரம் அழைத்தும் நீ எடுக்கவில்லை. அக்காவின் மகள் தர்சிகா நாளை ஊருக்கு வருகிறாள். இந்தக் கடிதத்தையும் நாலாவது தகட்டையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் வேலையில் ஒரு பிழையும் இல்லை. பிழை என் வயிற்றில். நான் எண்பத்தாறு கிலோ. விமானத்தில் ஏறிய அன்று காலை மருதனார்மடச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்கினேன். வியாபாரி பகிடிக்கு என்னையும் தராசில் ஏற்றிவிட்டு, "அண்ணை, உங்களுக்கும் சேர்த்துக் காசெடுக்கட்டோ?" என்று சிரித்தான். உடுப்பு என்று உன்னிடம் சொல்லிச் சீட்டுக்குப் பின்னால் வைத்தேனே, அந்தப் பை முழுக்க மாம்பழம். பறந்து இறங்கியதும் எல்லோருக்கும் கொடுக்க நினைத்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ இங்கே வந்துவிடுவாய். நான் இவ்வளவு காலமும் கேட்டது அதைத்தான். மூடித்தான் பார்த்தேன், முடியவில்லை. விமானத்தை என்னால் இழந்துவிட்டு நீ வந்து நின்றால், எந்த முகத்தோடு உனக்குக் கதவு திறப்பேன்?

உன்,
ரூபன்

அரியாலை,
20.01.2026

என் எண்பத்தாறு கிலோ அத்தானுக்கு,

பொங்கல் லீவுக்கு வந்த உங்களை விமானநிலையத்தில் விட்டுவிட்டு வந்ததும் எழுதுகிறேன். பொங்கல் சந்தடியில் சொல்லக் கிடைக்காத கதை ஒன்று இருக்கிறது. தர்சிகா கொண்டுவந்த உங்கள் கடிதத்தை வாசித்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அகப்பைக்காம்பு முறிந்திருக்கும். பிறகு சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. கொழும்புக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டு நேரே கொட்டிலுக்குப் போனேன்.

சில்லு திரும்புகிற நடு ஆணியின் தலை, பாரம் ஏறிய பிறகும் சற்றுப் பின்பக்கம் சாய்ந்தே நிற்கவேண்டும். உங்கள் பாரத்தில் மூன்று தகடும் தளர்ந்து, ஆணி முன்பக்கம் சரிந்திருக்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் அதுதான். நாலாவது தகட்டைப் பூட்டி, உங்கள் நிறைக்கு அரிசி மூட்டை ஏற்றி, பின்னால் மாம்பழத்துக்குப் பதில் உப்புப் பையும் வைத்துப் பார்த்தேன். ஆணி அசையவில்லை.

மிச்சம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த முறை நீங்கள் பின்னால் ஏறியும் வால்சில்லு நூல் பிடித்தமாதிரி ஓடியதே! கடலேரிக்கு மேலே திரும்பும்போது, "கலா, எங்கடை வீடு! அங்கை பார், எங்கடை கிணறு!" என்று நீங்கள் கத்திய கத்தல் இன்னும் காதில் நிற்கிறது. இறங்கியதும் அதே அதிகாரி ஓடிவந்து கைகொடுத்தார். நாம் வென்றுவிட்டோம், அத்தான்.

நேரில் கேட்கப் பயந்து எழுத்தில் கேட்கிறேன். இனியும் லீவுக்கு மட்டும்தானா?

உங்கள்,
கலா

ஸ்காபரோ,
09.02.2026

அன்பின் கலா,

உன் கடிதத்தை வேலையிடத்தில் நின்றபடியே வாசித்தேன். வாசித்த கையோடு மேற்பார்வையாளர் கிறிஸ்துநாயகத்திடம் போய், வேலையை விடுகிறேன் என்றேன். அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான், குருநகர். திகைத்துப்போனார்.

"என்னடாப்பா, வேறை வேலை கிடைச்சிட்டுதோ?"

"ஓம் அண்ணை. மனிசிக்குப் பின்னாலை இருக்கிற வேலை."

ஒருவழி டிக்கெட் எடுத்துவிட்டேன். பங்குனியில் வாறன்.

உன்,
ரூபன்