ஏகமனதில் என் கையும் இருக்கிறது

உங்கள் பெயருக்கு வீட்டு வரிச் சீட்டு வந்திருக்கிறது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது என்று தபால்காரருக்குத் தெரியும். நகராட்சிக்குத் தெரியாது. உங்கள் வீடு பூட்டிக் கிடப்பதால் சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மருமகள் படித்துப் பார்த்து, "அநியாயத்துக்கு ஏத்தியிருக்கறாங்க மாமா" என்றாள். உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தொட்டுக் காட்டினாள். அங்கே கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

இதையும் அவள்தான் எழுதுகிறாள். நான் சொல்வதை எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறாள். யார் என்ன பேசினார்களோ அதை மட்டும் பேசியபடியே போடச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருடமாக எனக்கு வந்த காகிதத்தையெல்லாம் படித்துச் சொன்னவர் நீங்கள். உங்களுக்கு ஒரு காகிதம் எழுத இன்னொரு ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

எழுத்துதான் ஏறவில்லையே தவிர, எனக்கு எதுவும் மறப்பதில்லை. நாம் வேலை பார்த்த பஞ்சு மில் வாசலில் நடந்த அந்தக் கூட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். ஒரு தொழிலாளியைச் சங்கத்திலிருந்து நீக்கக் கை தூக்கச் சொன்னார்கள். அவன் என்ன தப்புச் செய்தான் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, தூக்கினேன். நீங்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். சங்கத் தலைவர் மேடையிலிருந்தே, "ஏனுங்க, நீங்க தூக்கலீங்களா?" என்றார். "தூக்கந்தானுங்க வருது. நைட் ஷிப்ட்டு" என்றீர்கள். கூட்டமே சிரித்தது. சைக்கிளில் திரும்பும்போது, எதற்கு இந்த வம்பு என்று நான் கேட்டேன். "கை என்னுதுங்க. அவிய கேட்டதும் எடுத்து நீட்டறதுக்கு அது என்ன பீடியா?" என்றீர்கள்.

உங்கள் மகள் பூங்கொடியோடு ஸ்டெல்லா உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது ஊரில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒரே ஸ்கூட்டரில் போய்வருகிறார்கள், சிநேகிதிகள் என்றுதான் இருந்தது. நீங்கள்தான் ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள். "அவிய சிநேகிதிக இல்லீங்க. நீங்களும் உங்கூட்டுக்காரம்மாவும் மாதிரி."

எனக்கு அது பிடிக்கவில்லை. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு வாரம் உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மில் பஞ்சு அடைத்த நெஞ்சோடு, நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, நீங்களே என் வாசலுக்கு வந்தீர்கள். "நீங்க வராட்டி என்னங்க, நானு வாரேன்" என்று சொல்லி உட்கார்ந்து, அவிநாசியில் இரண்டு மாலை வாங்கி வரச் சொன்னீர்கள்.

கோயில் வீதிப் பூக்கடைக்காரர் என்னிடம், "மாப்பிள்ளை நல்ல ஒசரமுங்களா? மாப்பிள்ளை மாலை நீளமாக் கட்டோணும்" என்றார். "ரெண்டும் ஒரே அளவா இருக்கட்டுமுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கட்டினார்.

உங்கள் முன் அறையில் நாம் நான்கு பேர்தான். பூங்கொடி திருநீறு வைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். மாலை மாற்றினார்கள். ஒரு செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் எடுத்தார்கள். நான் கதவோரம் நின்றதால் படத்தில் விழவில்லை. அப்போது நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். "எனக்கு அப்பறம் இந்த ஊர்ல ஒரு ஆளாச்சும் 'நானு பார்த்தேன்'னு சொல்லோணுமுங்க. அந்த ஆளு நீங்கதான்." சரி என்றேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை.

போன வருடம் நம் ஊரை நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வந்தது. வரியைத் திருத்துவதற்கு வீடு வீடாக டேப் பிடித்து அளந்தார்கள். உங்கள் வீட்டை அளக்க வந்தவன் உள்ளறைச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்பதோடு அதையும் கொண்டுபோய் டீக்கடையில் இறக்கிவிட்டான். உங்களோடு பழகியவன் என்று எல்லாரும் என்னிடம்தான் கேட்டார்கள். "ஏனுங்க, நெசமுங்களா?" நான், "நமக்கென்னங்க தெரியும்" என்றேன். இப்படித்தான் நான் முதலில் ஆரம்பித்தேன்.

பிறகு கிராம சபை. வரி என்றதால் பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. பூங்கொடியும் வந்து பின்வரிசையில் நின்றாள். அவளுக்கும் வீடு இருக்கிறது, வரி இருக்கிறது. ஊராட்சித் தலைவர் எழுந்து, "மொதத் தீர்மானமுங்க. நம்மூர நகராட்சியோட சேக்கக் கூடாது. வீட்டு வரிய இப்ப இருக்கறதுக்கு மேல ஏத்தக் கூடாது. சம்மதமுன்னா கையத் தூக்குங்க" என்றார். ஒரு கை பாக்கியில்லை. நானும் தூக்கினேன், அவளும் தூக்கினாள்.

"அப்படியே வெச்சிருங்க, இறக்கீராதீங்க. ரெண்டாவதையும் சொல்லிப்போடறேன். பொம்பளையும் பொம்பளையும், ஆம்பளையும் ஆம்பளையும் கல்யாணம்னு சொல்லிக்கிட்டுக் குடியிருக்கறது நம்ம ஊருக்கு ஒத்துவராது. இதுக்கும் அதே கைதானுங்களே?"

"அதே கைதானுங்க. இன்னொன்னுக்கு எங்க போறது?" என்று யாரோ சொல்ல, சிரித்தார்கள்.

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். தலைவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பூங்கொடி தூக்கியிருந்த கையை மெல்ல இறக்கினாள். அத்தனை கைகளில் இறங்கியது அது ஒன்றுதான். இறக்கியவள் நேரே என்னைப் பார்த்தாள். இரண்டாவதாக இறங்கியிருக்க வேண்டியது என் கை. நேரம் இருந்தது. தலைவர் செயலரிடம் திரும்பி, "எழுதிக்குங்க, ஏகமனதாக" என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது. என் கை மேலேயே இருந்தது.

முதல் தீர்மானத்தை அரசாங்கம் மதிக்கவில்லை. ஊரைச் சேர்த்தார்கள், வரியை ஏற்றினார்கள். இரண்டாவதற்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது என்று செயலரே சொன்னார். ஆனால் அதை ஊர் நிறைவேற்றிக்கொண்டது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. பால்காரர் அந்த வீதியில் திரும்பாமல் போனார். குழாயடியில் ஸ்டெல்லா குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. என் வீட்டிலிருந்து போகிற குழம்புக் கிண்ணமும் நின்றது.

இந்த இடத்தில் மருமகள் பேனாவை வைத்துவிட்டாள். "குழம்ப நிறுத்துனது நானுங்க மாமா. கையும் தூக்கியிருந்தேன். அதையும் எழுதோணுங்களா?"

"எழுது கண்ணு."

எழுதிவிட்டாள்.

இரண்டே மாதத்தில் கோயம்புத்தூருக்குக் கிளம்பினார்கள். சாவி கொடுக்க வந்த பூங்கொடியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளே முந்திக்கொண்டு, "சட்டத்துல எங்களுக்குக் கல்யாணமுன்னே ஒண்ணு கெடையாதுங்க பெரியப்பா. இல்லாத கல்யாணத்த எப்படீங்க இவிய தடை பண்ணுனாங்க?" என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பு அப்படியே அவளுக்கு இருக்கிறது. ஸ்டெல்லா சிரிக்கவில்லை, ஸ்கூட்டரைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் நகராட்சி ஆபீசுக்குப் போனேன். பழைய செயலர் இப்போது அங்கே ஒரு மேஜையில் இருக்கிறார். அந்தத் தீர்மானத்தில் 'ஏகமனதாக' என்று இருப்பதை அடிக்க வேண்டும் என்றேன்.

"ஏனுங்க, நீங்க கை தூக்கலீங்களா?"

"தூக்குனனுங்க."

"அப்பறம்?"

"இறக்கிட்டேன்னு எழுதுங்க."

"எப்பங்க இறக்குனீங்க?"

"இப்பத்தானுங்க."

அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "அடிக்கறதுன்னா மறுபடி கிராம சபை கூடித்தானுங்க அடிக்கோணும். இப்ப கிராமமே இல்லீங்களே. நகராட்சிக்குக் கிராம சபை கெடையாது. அந்த நோட்டும் எந்த மூட்டையில கெடக்குதோ" என்றார். என்னைச் சேர்த்து எழுதிய சபை இல்லை. அடிப்பதற்கு அந்த ஊராட்சியும் இல்லை. ஏகமனது மட்டும் எங்கேயோ ஒரு சாக்குமூட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது.

"ஒருத்தி கைய இறக்குனாளே, அப்பறம் எப்படீங்க ஏகமனது?" என்று கேட்டேன். "பார்த்தீங்களா?" என்றார். "நானு பார்த்தேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீங்கள் சொல்லச் சொன்ன அந்த வார்த்தையை நான் சொன்ன இடம் அதுதான். கேட்டவருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை.

மருமகள் அன்றைக்கே பூங்கொடிக்குப் போன் போட்டு, நான் ஆபீசுக்குப் போனதைச் சொல்லி, என் காதில் வைத்தாள். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் என்ன சொல்வது என்று எனக்கு மனப்பாடம். ராத்திரி பகலாக வைத்திருந்த பதில் அது. 'கோழையாகிப்போட்டேன் கண்ணு' என்பதில் ஆரம்பிக்கும்.

அவள், "இந்த வெயில்ல எதுக்குங்க பெரியப்பா அங்கெல்லாம் போனீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றாள். பிறகு, "சோறு உண்டுட்டீங்களா?" என்று கேட்டாள்.

உண்டுவிட்டேன் என்று சொன்னேன். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று அவள் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தாள். மனப்பாடம் பண்ணியதைச் சொல்லாமலே போனை மருமகளிடம் நீட்டினேன்.