எத்தனை பிள்ளைங்க என்று கேட்டால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்ததும் வந்துவிடுகிறது. நீயும் சுகமாக இருந்து வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. வருகிற வியாழக்கிழமையோடு தம்பி போய் ஒரு வருஷம் ஆகிறது. பதினோரு நாள் காய்ச்சல், இருபத்துநாலு வயசுப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது, நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்தும்விட்டது. இந்த வருஷத்தில், இத்தனை வயதுக்கு மேல், நான் புதிதாகப் படித்தது ஒன்று உண்டு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் சும்மா உட்கார மாட்டார்கள், உனக்குத் தெரியாததா. பிரேமைச் சூடு காட்டி வளைத்து மாட்டிப் பார்த்துக் கழற்றும் வரை ஏதாவது பேச வேண்டுமே, எத்தனை பிள்ளைங்க என்பார்கள். தம்பி போன இரண்டாம் மாதம் ஒரு டீச்சரம்மா கேட்டார். ஒரு பொண்ணுதாங்க என்று சொல்லிவிட்டேன். ரெண்டு என்றால் அடுத்த கேள்வி வரும், அதற்கு என்னிடம் தெம்பில்லை. பின்னால் சாப்பாட்டு டப்பாவோடு அம்மா நின்றிருந்தாள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூன்று நாள் பேச்சில்லை. உன் அம்மா பேசினாலும் கஷ்டம், பேசாவிட்டால் அதைவிடக் கஷ்டம். நாலாம் நாள் துணி மடித்துக்கொண்டே, உயிரோட இருந்தாத்தான் கணக்குல சேர்ப்பீங்களா, நான் பெத்தது ரெண்டு என்றாள். சுருக்கென்றது எனக்கு.

அப்புறம் ரெண்டு என்றே சொல்லத் தொடங்கினேன். ஒரு பெரியவர், பையன் என்ன பண்றான் என்றார். வேலையில இருக்கான், இப்பத்தான் சம்பளம் கூட்டிக் கொடுத்தாங்க என்று அளந்துவிட்டேன். கல்யாணம் எப்போ என்றார். பார்த்துக்கிட்டிருக்கோம் என்றேன். அவர் போனதும் லென்ஸ் தேய்க்கிற மெஷினைச் சும்மா ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். போன மாதம் பஸ் டிரைவர் ஒருவர் படிக்கிற கண்ணாடிக்கு வந்தார், அவரும் கேட்டார். ரெண்டு பேருங்க, பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, பையன் போன வருஷம் காய்ச்சல்ல தவறிட்டான் என்றேன். எப்படி வந்ததோ, வந்துவிட்டது. அவர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையன் எப்படிப்பட்டவன் சார் என்றார். அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை. தம்பி ஜோக் சொல்ல ஆரம்பித்துப் பாதியிலேயே தானே விழுந்து விழுந்து சிரிப்பானே, நமக்கு ஜோக் கிடைக்காது, சிரிப்பு மட்டும் கிடைக்குமே, அதைச் சொன்னேன். அவரும் சிரித்தார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது, எந்த ஜோக்கைச் சொன்னீங்க என்றாள் அம்மா. எதை அவன் முடித்தான், நான் சொல்ல என்றேன். அன்று சாப்பாடு ஆறிப்போகும் வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

உனக்கு நான் ஒரு தப்பு செய்திருக்கிறேனம்மா. தம்பி காரியம் முடிந்து நீ ஊர் திரும்பிய அந்த வாரம் போனில் விம்மினாய். அழாதே, அம்மா காதுல விழுந்தா தாங்க மாட்டா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். தாங்க முடியாதவன் நான்தான், பழியை அவள்மேல் போட்டேன். அன்றிலிருந்து நீ ஒருநாளும் அழவில்லை. அங்கே மழை, ஆபீஸில் வேலை அதிகம் என்று செய்தி வாசிக்கிறவள் மாதிரிச் சொல்லி முடித்துவிடுகிறாய். அப்படி உன்னைப் பழக்கியது நான். அப்பாவை மன்னித்துவிடு.

எங்களுக்குப் பிறகும் நெடுங்காலம் நீ நன்றாக இருக்க வேண்டும், அதைத் தவிர வேறு வரம் எங்களுக்கு வேண்டாம். ஒருத்திக்கு எதற்கு என்று சமைக்காமல் இருந்துவிடாதே. வியாழக்கிழமை கடையைத் திறக்கப்போவதில்லை, மறக்காமல் கூப்பிடு. பேச வராவிட்டால் அழு. நீ வைக்கும் வரை நான் போனை வைக்க மாட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா