மூணு பொம்மைக்கு ஒரு நீல ஸ்வெட்டர்

15.12.2014, திங்கள்

இன்னிக்கு என் வீட்டுக்காரரோட பழைய நீல ஸ்வெட்டரை வெட்டிட்டேன். நாலு வருஷமா அதை மந்தாரக்குப்பம் கடைத்தெருவுல வாங்குனதுன்னுதான் சொல்லிகினு இருந்தார். பத்தாவது பிளாக் விமலா அவருக்காகப் பின்னிக் கொடுத்ததுன்னு போன வாரம் அவ தங்கச்சியே வாய் தவறிச் சொல்லிட்டா.

மத்தியானம் வீட்டுல யாரும் இல்ல. வெட்டுனா நூல் பிரிஞ்சிடும்னு முதல்ல வெட்டப்போற கோட்டோரமா மெஷின்ல தச்சுகினு, அப்புறம் நிதானமா கத்தரிச்சேன். பாப்பாவோட மூணு பொம்மைக்கும் குல்லா, மப்ளர், குட்டித் தோள்பை. எல்லாமே அவ்வளவு அழகா வந்துச்சு.

நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அவர் பீரோவைக் குடைஞ்சார்.

"என் ஸ்வெட்டர் எங்க?"

பாப்பா பொம்மைங்களைத் தூக்கிகினு ஓடியாந்தா. "அப்பா, பாரு, அம்மா தச்சது!"

அவர் முகம் வெளுத்துப்போச்சு.

"பழசுதானேங்க. மந்தாரக்குப்பத்துலயே வேற ஒண்ணு வாங்கிக்கலாம்"னேன்.

"உனக்கு யாரு..."ன்னு ஆரம்பிச்சார். வெறும் சட்டையோட வண்டியை எடுத்தார். வாசல்ல நின்னு பார்த்தேன். பனி நல்லா கொட்டிகினு இருந்துச்சு. எனக்குக் கொஞ்சம்கூடப் பாவமா இல்ல.

இந்த வாரம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட்தான்.