அப்டேட் போடாத போன்

செப்டம்பர் 8, திங்கள்

ஷாலினி டீயைத் தொடாமல் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள். ஒர்க்‌ஷாப்காரர்கள் டெம்போ பிடிக்கிற ஆப், அதுதான் என் பேத்தியின் கம்பெனி. ஆகஸ்டில்தான் சேர்ந்தாள். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. சனிக்கிழமை புதிதாக ஒன்று விட்டார்களாம், ஐபோன்காரர்களுக்கு மட்டும் டெம்போ வரவில்லை. சரக்கெல்லாம் தெருவில்.

"பாதி செஞ்ச வேலையும் ஆப்புக்குள்ளயே இருக்கும் ஆச்சி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்ச். வேலை முடியுத வரைக்கும் ஆஃப்ல வச்சிருப்போம். எடை கேக்குற பெட்டி ஒண்ணு. ஆண்ட்ராய்டு, ஐபோன், கம்ப்யூட்டர், மூணுலயும் ஆஃப் பண்ணேன். ஐபோன்ல மட்டும் ஆன் ஆகிக் கெடக்கு. சனிக்கிழமையில இருந்து அதைக் காலியாவும் விட முடியல."

"யாரு போட்டா?"

"நாந்தான்னு சொல்லுதாரு."

சொல்வது அவளுக்கு மேலே இருக்கிற லீட், தேஷ்முக். சேர்ந்த அன்றைக்கே, 'தாராவியில் நெட் வருமா?' என்று சிரித்தவன். மறப்பேனா நான்?

செப்டம்பர் 9

ஐபோனுக்கு அனுப்புகிற ஆப்பை, அதற்குப் பேர் பில்டாம், அவன் தன் மெஷினில் மட்டும்தான் செய்வானாம். அங்கே ஒரு தனி ஃபைல். அதில் இருக்கிற சுவிட்சுதான் செல்லும், இவள் போட்டது செல்லாது. இன்று கேட்டால் ஃபைலைக் காணோம் என்கிறான். பழைய பில்டும் இல்லையாம். காணோமா, அழித்தானா?

"நான் சேருறதுக்கு முன்னாடியே ஆன்ல இருந்துச்சுன்னு காட்டணும். எதை வச்சுக் காட்ட? எல்லார் போனும் தானா அப்டேட் ஆயிருச்சு." வெள்ளிக்கிழமை மீட்டிங். அதோடு இவளை அனுப்பிவிடுவார்கள்.

செப்டம்பர் 10

சோறு இறங்கவில்லை. அவளுக்கும் எனக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் பாத்திரம் தேய்க்கும்போது எதிரே சலாவுதீனின் பை தைக்கிற ஒர்க்‌ஷாப்பில் மெஷின் சத்தம். என் வீட்டுக்காரர் பிணமாகக் கிடந்த அன்றும் நிறுத்தாத மெஷின்கள். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. அவனுக்கு ஒரு கஷ்டம் என்றால் மனசுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வேன். அப்படி வைத்த ஒன்று சட்டென்று மேலே வந்தது. ஜூலை மழை. சந்தில் தண்ணீர். ஐபோனைப் பார்த்து அவன் கத்துகிறான்: "எடை கேக்கான், போட்டா டெம்போ வரல, காலியா விட்டாத்தான் வருது, சாலா!" வயிறு குளிரச் சிரித்தேனே அன்றைக்கு!

ஜூலையில் ஷாலினி ஏது அந்தக் கம்பெனியில்?

சொன்னதும் எழுந்துவிட்டாள். "அவரு அப்டேட் போடுவாரா ஆச்சி?"

"மாட்டான். போட்டா எல்லாம் இடம் மாறிப்போகும்னு அதையும் கத்திச் சொல்லியிருக்கான்."

"ஐயோ, இப்பத்தான் கம்பெனியில இருந்து எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு. உடனே அப்டேட் போடுங்கன்னு!"

செருப்புக்கூடப் போடவில்லை. ஓடினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனுக்கு மேலே விரலை வைத்திருந்தான்.

"பாய்! அமுக்கிராதீரும்!"

மெஷின்கள் நின்றன. எல்லாமே.

"யக்கா... எங்கிட்டயா பேசுதிய?"

"உம்ம போன்கிட்ட பேசுதேன். எடுத்துக்கிட்டு வாரும்."

வந்தான். மீட்டிங்கில் லேப்டாப்புக்கு நேரே போனைப் பிடித்தான். ஜூன் மாதத்து ஆப். நடுவில் எடை கேட்கிற பெட்டி. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பெரிய மேடமாம்: "தேஷ்முக், அந்த பில்ட் யார் செய்தது?"

அப்போதுதான் பாய் என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "யக்கா, அந்தப் பெட்டியில நான் என்னத்தப் போடணும்?"

செப்டம்பர் 29

ஷாலினிக்கு வேலை நிரந்தரம். ஐபோன் பில்ட் இனி எல்லாரும் பார்க்கிற இடத்தில். ஒவ்வொரு சுவிட்சுக்கும் யாருடையது, எதுவரைக்கும் என்று எழுதி வைக்க வேண்டுமாம். "உன் கோபச் சுவிட்சையெல்லாம் எப்ப ஆஃப் பண்ணுவ ஆச்சி?" என்று கேட்டாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

சாயங்காலம் சலாவுதீன் வாசலில். கையில் போன். "நீங்க சொன்னதுல இருந்து அமுக்கல யக்கா. இனி அமுக்கலாமா?"

"ஷாலினி வரட்டும், கேப்போம். வாசல்ல ஏன் நிக்கீரு? உள்ள வந்து இரியும்."

தேஷ்முக்கின் சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணுவதாக இல்லை.