ஒன்பதாம் பெட்டி

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். இரட்டைப் பின்னல் போடுகிறேன் என்று நம் வாண்டின் தலையைப் பாடாய்ப் படுத்தாதீர்கள். இங்கே போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை, மளிகை வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பூமிக்கடியில் உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த அறை தயார். திங்களன்று அதில் காற்றை அழுத்தி நிரப்பப்போகிறார்கள். காற்றாலைகள் ஓயும்போது அதைத் திறந்து மின்சாரம் எடுக்கலாம். கை சும்மா இருக்கவில்லை, மூன்று வருடம் முன்பு துளையிட்டு எடுத்து, ஆழ வரிசைப்படி பெட்டிகளில் அடுக்கிய பாறைத் துண்டுகளைப் பார்த்தேன். எட்டாம் பெட்டியின் கடைசித் துண்டும் ஒன்பதாவதின் முதல் துண்டும் ஒட்டவில்லை. ஒன்பதாம் பெட்டியைத் தலைகீழாக அடுக்கிப் பார்த்தேன், கச்சிதமாகப் பொருந்தியது. அறையின் கூரைக்கு நான்கு மீட்டர் மேலே இருப்பதாக நம்பிய களிமண் பட்டை கூரையை ஒட்டியே இருக்கிறது. காற்று கசியும், கூரை சரியவும் கூடும்.

பெட்டியில் உங்கள் கையெழுத்து. தேதி, வாண்டு பிறந்த நாள்.

அடுத்த வாரம் உங்கள் பதவி உயர்வுப் பட்டியல் வரும் என்பது தெரியும். தலைமைப் பொறியாளரிடம் சொல்லட்டுமா?

உங்கள் பாறைக்காரி

மார்ச் 6

என் பாறைக்காரிக்கு,

படித்ததும் கோபம் வந்தது, உன்மேல்தான். பிறகு பழைய குறிப்பேட்டைப் பார்த்தேன். அன்று உன் அம்மா போனில், "உடனே கிளம்பி வாங்க மாப்பிள்ள" என்றார். அவசர அவசரமாக அடுக்கி, எண் எழுதிவிட்டு ஓடி வந்தேன். சரிபார்க்கவில்லை.

சொல்லிவிடு. பதவி போனால் போகட்டும், அந்தக் கூரைக்கு மேலே நீ நடமாடுகிறாய். இதற்கெல்லாம் என்னைக் கேட்டுக்கொண்டு நிற்பாயா? வாண்டு ஒற்றைப் பின்னலுக்குச் சம்மதித்துவிட்டாள்.

உன் அவசரக்காரன்

மார்ச் 7

அன்புள்ள அவசரக்காரருக்கு,

ஓர் உண்மை சொல்ல வேண்டும். உங்களுக்கு எழுதிய அன்று காலையிலேயே தலைமைப் பொறியாளரிடம் சொல்லிவிட்டேன். வேலையை நிறுத்திவிட்டார். யார் அடுக்கியது என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர்தான் சார்" என்றேன். பட்டியலில் உங்கள் பெயர் இப்போது இல்லை. எனக்கு வருத்தம்தான்.

சொல்லிவிட்டு ஏன் கேட்டாய் என்பீர்கள். உங்கள் பதில் எனக்குத் தேவைப்பட்டது. மறைத்துவிடு என்று நீங்கள் எழுதிவிட்டால், அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோடு திரும்புவேன் என்று பயந்துபோயிருந்தேன்.

புதன்கிழமை வருகிறேன்.

உங்கள் பாறைக்காரி