பாப்பா கற்ற வசைச்சொல்

என் மாமாவுக்கு,

பாப்பா தன் பொம்மையைக் குச்சியால் தட்டி, “கிளாட்ஹாப்பர்!” என்று திட்டினாள். பள்ளியில் விசாரித்தேன், மிஸ்ஸுக்கே தெரியவில்லை. என் காலேஜ் அகராதியில் கிடைத்தது. உழவுக் காட்டில் மண்கட்டி மிதித்து நடப்பவனை வெள்ளைக்காரன் இளக்காரமாகச் சொன்ன பழைய வார்த்தையாம். நம் இரண்டு வீட்டிலும் அப்படி நடக்காதவர் யார்?

“ஆருகிட்டச் சாமி கத்துக்கிட்ட?”

“போன்ல பேசுறப்ப அப்பாவப் பாத்து ஒரு அங்கிள் கத்துவாரு. ஒடனே அப்பா போனை போர்வெல் ரிக் வண்டிப் பக்கம் திருப்பிக்குவாரு.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்களைப் போலவே ஆப்பிரிக்காவுக்குப் போர்வெல் போடப் போன நம் திருச்செங்கோட்டுப் பையன் ஒருவனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களாமே. போனில் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல புள்ள” என்று சிரிப்பீர்கள். அதனால்தான் அங்கே வரும் கலையரசன் அண்ணனிடம், பருப்புப்பொடி டப்பாவுக்குள் இதை வைத்துக் கொடுக்கிறேன்.

அடுத்த முறை கூப்பிடும்போது, “சாப்டீங்களா?” என்று மட்டும்தான் கேட்பேன். பாஸ்போர்ட் உங்கள் கையில் இருந்தால் முகத்தைக் காட்டுங்கள். இல்லையென்றால் வழக்கம்போல் வண்டியைக் காட்டுங்கள்.

பாப்பா மடியில் இருப்பாள். நான் அழமாட்டேன்.

உங்கள் பாப்பாவின் அம்மா